ஆறே கால் மணி நேரம்

அத்தியாயம் பத்தொன்பது

விமான டிக்கெட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்பார்கள்.

பெரியவள் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. பிள்ளையை வழியனுப்பப் போகும் தாய்மாருக்கென்று அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். ஒரு தூக்கம், ரெண்டு சாப்பாடு, அவ்வளவுதான். பதினாலு மணி நேரப் பயணமானாலும் அதுதான், பதினெட்டானாலும் அதுதான். கேட்டவர்கள் கொஞ்சம் ஆறுதலோடு எழுந்து போவார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

அவளுடைய வீட்டில் மட்டும் அந்தக் கேள்விக்கு ஒன்பது வருடமாகத் தவறான ஒரு பதில் இருந்தது.

மூன்று நாளைக்கு முன்பு அம்மா தையல் மெஷின் மேல் சாய்ந்தபடி கிடந்தாள். திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள், கடைசி முழம் பாக்கியிருக்கும்போது விழுந்துவிட்டாள். நேற்று மாலை டாக்டர் பெரியவளையும் அப்பாவையும் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். வர வேண்டியவன் ஒருவன்தான். பெரியவள் சின்னவனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "டிக்கெட் போடுக்கா," என்றான்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு அவளுடைய அலுவலகத்திலிருந்து பக்கத்து மேசைக்காரர் கூப்பிட்டார். சின்னவன் ஏறிவிட்டான், விமானம் கிளம்பிவிட்டது. அவன் மாறி வரும் இரண்டு விமானத்தையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஏதாவது மாறினால் உடனே சொல்வதாகவும் சொன்னார்.

அவள் வார்டுக்குள் போய்ச் சொன்னாள். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்புச்சு?"

"ஒன்பதரைக்கும்மா."

அம்மாவின் உதடுகள் அசைந்தன. விரல்கள் போர்வையின் மேல் ஒவ்வொன்றாக மடங்கின.

"அப்போ மூணே முக்கால்," என்றாள். "தலைய வாரி விடு."

கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அப்பாவை டைம்கீப்பர் என்றால்தான் தெருவில் தெரியும். பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவர். ஒவ்வொரு வண்டிக்கும் அவருடைய பதிவேட்டில் நான்கு கட்டங்கள். புறப்பட்ட நேரம், வந்த நேரம், தாமதம், காரணம். எமனே எருமையில் வந்தாலும் ஏன் லேட் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் விடுவார் என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் மன்னித்ததில்லை. வண்டி தாமதமென்றால், வர வேண்டிய நேரத்துக்கு முன்பே அதை அறிவித்துவிட வேண்டும். தாமதம் குற்றமில்லை, காத்திருக்கிறவனுக்குச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம் என்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன் சின்னவன் கிளம்பிய அன்று, அம்மா விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். டைம்கீப்பர் பையனின் டிக்கெட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். புறப்பாடு காலை ஒன்பது நாற்பது. வருகை அதே தேதி, மாலை மூன்று ஐம்பத்தைந்து. பென்சிலை எடுத்துக் கழித்தார்.

"ஆறே கால் மணி நேரம்," என்றார். "நான் அனுப்புற வெளியூர் வண்டியே ஏழு மணி நேரம் ஓடுது. இதுக்குப் போய் அழுவாங்களா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றார்.

பெரியவள் அப்போது வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம் என்பதும், அவன் போகும் ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பயணம் பதினாறே முக்கால் மணி நேரம். சொல்ல வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில்தான் சின்னவன் வந்து சேர்ந்ததாகப் போன் செய்தான். அசதியில் தூங்கியிருப்பான் என்றாள் அம்மா. மத்தியானம் டைம்கீப்பர் டிக்கெட் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் டோக்கன் எடுத்து, நான்கு பேருக்குப் பின்னால் காத்திருந்து, மகளின் மேசைக்கு எதிரே யாரோ போல உட்கார்ந்தார்.

உண்மையில் எத்தனை மணி நேரம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றார் கடைசியில்.

அவர் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை என்பது தெரிந்தும் இவளும் சொல்லவில்லை.

ஆறே கால் மணி நேரம் அம்மாவுடைய வார்த்தையாகிவிட்டது. ரெண்டு திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கறதுக்குள்ள வந்துடுவான் என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை, அவ்வளவு சீக்கிரம் எப்படி என்று ஆரம்பித்தாள். அம்மா விடவில்லை. என் வீட்டுக்காரர் போட்ட கணக்கு, முப்பத்து நாலு வருஷத்துல ஒரு நிமிஷம் பிசகினதில்லை என்று வாயை அடைத்துவிட்டாள். அடுத்த அறையில் டைம்கீப்பர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு அதுவே அளவுகோலாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது சின்னவன் வரவில்லை. அம்மாவின் அக்கா இறந்தபோது வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் டைம்கீப்பர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோதும் நாலு நாள்தான் லீவு கிடைக்கிறது என்றான். நாலு நாள் இருந்தும் ஆறே கால் மணி நேரம் வர மனசில்லையா என்று அம்மா இவர்களிடம்தான் கேட்டாள், அவனிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கூப்பிடும்போது இவர்கள் போனை நீட்டினால், வேண்டாம் என்று கையை மட்டும் அசைப்பாள்.

ஏன் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் அந்தக் கை அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

பதினொரு மணிக்கு வலி ஆரம்பித்தது.

நர்ஸ் ஊசி மருந்தோடு வந்தாள். இதைப் போட்டால் விடியும்வரை தூங்கலாம், வலி தெரியாது என்றாள். அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். மூணே முக்காலுக்கு மகன் வருகிறான், அவன் வரும்போது தூங்கிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பான், ரெண்டு வருஷமா பேசவேயில்லை, இன்றைக்கும் பேசவில்லை என்று நினைக்க மாட்டானா என்றாள். இவ்வளவையும் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் மறுபடி வந்தாள். அம்மா மறுபடி கையை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் பெரியவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நானும் நிறைய அடம் பார்த்திருக்கேன்," என்றாள். "வலி பத்துக்கு எவ்வளவும்மான்னு கேட்டா, மூணே முக்கால்னு சொல்றாங்க. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகன் உண்மையிலேயே எப்போது வருவார் என்று கேட்டாள்.

பெரியவள் சொன்னாள். நேராக வந்துகொண்டிருந்த விமானம் நின்று நாலு வருடமாகிறது. இப்போது நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். முதல் விமானம் பதினாலு மணி இருபது நிமிஷம். காத்திருப்பு மூன்று மணி. இரண்டாவது நாலு மணி பத்து நிமிஷம். நாளைக் காலை ஏழு மணிக்கு இறங்குவான்.

நர்ஸ் அவளையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"அப்போ எதுக்கு அவங்க வலியத் தாங்கிட்டு இருக்காங்க?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே ஆம்புலன்ஸ் ஒன்றை ஒருவர் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்து பார்த்தார். ஒரு தடவை மருந்து போட்டால் காலையில் எழுப்பிவிடலாம் என்றார். இரண்டாவது தடவை போட வேண்டி வந்தால் அப்புறம் எழுப்ப முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது. எப்படியும் நாளைக்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

டைம்கீப்பர் வராந்தா பெஞ்சில் இருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். 

"சொல்லிடலாம்ப்பா," என்றாள்.

"இப்பவா?"

"கைய கடிச்சிட்டு இருக்காங்க அங்க."

அவர் தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை திருகினார். அது சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். தேவையில்லாதபோதும் திருகுவார்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"நீங்க மறுநாள் சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட்டபடி அவர்களைக் கடந்து, வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பியது.

"மூணே முக்காலுக்கு அவ கதவப் பார்ப்பா," என்றார். "யாரும் வரமாட்டாங்க. வர மனசில்லன்னு நினைச்சுக்கிட்டே..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பணிக்குப் போகும் நாட்களில் கூண்டுக்குள் நுழையும் முன் அப்படித்தான் இழுத்துவிடுவார்.

*

மூன்று நாற்பது.

அம்மா கதவுக்கு நேராகத் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தாள். வாரிய தலை கலையாமலிருக்கக் கழுத்தை அசைக்காமல் வைத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை, கட்டிலைச் சுற்றித் தொங்கிய தடுப்புத் துணியின் ஓரத்தைப் பற்றியிருந்தது. காலையிலிருந்தே அந்தத் தையலைத் தடவித் தடவிப் பார்த்து, தைத்தவன் கோணலாக அடித்திருக்கிறான் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதை இறுகப் பிடித்திருந்தாள். அவ்வளவுதான்.

டைம்கீப்பர் கட்டிலின் கால்பக்கம் போய் நின்றார். உட்காரவில்லை.

"ஒரு அறிவிப்பு," என்றார்.

அம்மா பார்த்தாள்.

"மூணே முக்காலுக்கு வர வேண்டிய வண்டி தாமதம்."

"எவ்வளவு?"

"பதினஞ்சே கால் மணி நேரம்."

அம்மாவின் விரல்கள் துணியை விட்டன. காலையில் மடங்கியது போலவே போர்வையின் மேல் மடங்க ஆரம்பித்து, பாதியில் நின்றன.

"என்ன காரணம்?" என்று கேட்டாள். இத்தனை வருடம் அவருடைய கதைகளைக் கேட்டவள். நாலாவது கட்டம் எது என்று அவளுக்குத் தெரியும்.

"வண்டி மேல தப்பில்ல. அது சரியான நேரத்துக்குத்தான் வருது. டைம்கீப்பர் தப்பா எழுதிட்டான்."

பெரியவள் கதவோரம் நின்றிருந்தாள். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஊர்க் கடிகாரம், கழித்த பென்சில், மறுநாள் வாங்கிய டோக்கன் எதையும் விடவில்லை. வார்த்தைகளை அவசரப்படுத்தாமல், பதிவேட்டிலிருந்து படிக்கிற குரலில் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் குரல் நின்றது. கூண்டுக்கு வெளியே கூட்டம் பொறுமையாக நிற்பது போல அந்த அறையும் நின்றது. பிறகு தொடர்ந்தார்.

"அப்போ எவ்வளவு தூரம்தான் அது?" என்றாள் அம்மா.

"பதினாலாயிரம் கிலோமீட்டர்."

அந்த எண் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அவர் யோசித்தார்.

"நம்ம நிலையத்துல ஒரு டவுன் வண்டி, ஒரு நாள் முழுக்க ஓடினா நூத்தி நாப்பது கிலோமீட்டர். அந்த வண்டி நூறு நாள் ஓடணும்."

"நூறு நாளா."

மூன்றே முக்கால் ஆனது. அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கதவையும் பார்க்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு இறக்கை மட்டும் மற்றவற்றைவிட அழுக்காக இருந்ததால், அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண முடிந்தது. பெரியவள் எண்ணினாள். நூறைத் தாண்டிய பிறகு விட்டுவிட்டாள்.

"ரெண்டு வருஷம்," என்றாள் அம்மா. "நான் எதுக்குப் பேசலன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றாள் பெரியவள்.

"யாரும் சொல்லலையா?"

பெரியவள் இல்லையென்று தலையசைத்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அம்மா திட்டவில்லை. வலி ஒன்று வந்து, உடம்பை முறுக்கிவிட்டுப் போனது. அது போகும்வரை கண்ணை மூடியிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது வலியினாலா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. டைம்கீப்பர் கால்பக்கமே நின்றிருந்தார். உட்காரச் சொல்லுவாள் என்று எதிர்பார்க்கிறவர் போல இருந்தது. அவள் சொல்லவில்லை.

பிறகு மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ்வளவு நேரமும் உக்காந்தேவா வர்றான்?"

"ஆமாம்மா."

"வளர்ந்தவன். கால நீட்ட இடம் இருக்குமா?"

அவசர வழிக்குப் பக்கத்துச் சீட்டாகப் பார்த்துப் போட்டிருப்பதாகவும், அங்கே முன்னால் வேறு சீட்டு கிடையாது, முழங்கால் இடிக்காது என்றும் பெரியவள் சொன்னாள். நேற்று டிக்கெட் போடும்போது, பரபரப்புக்கு நடுவிலும் அதை மட்டும் மறக்கவில்லை. அம்மா தலையசைத்தாள். பத்து வருடத்தில் அவளுடைய வேலைக்கு அம்மா கொடுத்த முதல் பாராட்டு அதுதான் என்று தோன்றியது.

"நர்ஸக் கூப்பிடு," என்றாள் அம்மா. "ஊசி போட்டுக்கறேன். மூஞ்சிய இப்படி வெச்சிட்டிருந்தா பயந்துடுவான். சின்னதுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி." பிறகு, கால்பக்கம் நின்றவரைப் பார்க்காமல், "ஏழுக்கு என்ன எழுப்பி விடணும். இந்தத் தடவையாவது நேரம் பிசகக் கூடாது. சொல்லிட்டேன்," என்றாள்.

டைம்கீப்பர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏழு என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். கோடு கோணலாக விழுந்தது.

"பேச வேண்டியதெல்லாம் அவன்கிட்டயே பேசிக்கறேன்," என்றாள் அம்மா. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியனுப்பறதா இல்ல."

*

நர்ஸ் வந்தாள். அம்மா தானாகவே கையை வெளியே நீட்டினாள். நாளெல்லாம் ஒளித்துவைத்த கை. நர்ஸ் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். டைம்கீப்பர் இப்போது உட்கார்ந்திருந்தார். எழுதிய சீட்டை மடிக்காமல் மடிமேல் வைத்திருந்தார்.

பெரியவளின் கையில் போன் அதிர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு வரி அனுப்பியிருந்தார்.

இரண்டாவது விமானம் தாமதம். காலை ஏழுக்கு அல்ல, மதியம் பன்னிரண்டுக்குத்தான் இறங்கும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். விடியும்வரைதான் இந்த மருந்து. ஏழுக்கு எழுந்தால் பன்னிரண்டுவரை மறுபடியும் வலி. இல்லையென்றால் இரண்டாவது ஊசி. அதற்குப் பிறகு எழுப்ப முடியுமென்று சொல்ல முடியாது என்றுதானே டாக்டர் சொன்னார்.

அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அந்த முகத்தை அவள் ஒன்பது வருடத்துக்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பார்த்து, வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இப்போதும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டால் போதும். இன்னும் சற்று நேரத்தில் அம்மா நிம்மதியாகத் தூங்கிவிடுவாள், ஏழு மணி என்று நம்பியபடி.

டைம்கீப்பர் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு என்று கண்ணாலேயே கேட்டார். பிறகு, மடியிலிருந்த சீட்டையும் பென்சிலையும் எடுத்து அவள் பக்கம் நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

நர்ஸ் ஊசியை உயர்த்தி, அதிலிருந்த காற்றை வெளியேற்றினாள். நுனியில் ஒரு துளி நின்றது.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்," என்றாள் பெரியவள். "அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."